இருநூற்று மூன்று தடவை

என் வீட்டுக்காரர் ஒழுங்கான மனுஷர். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஸ்க்ரூ டிரைவர்களை நீளவாரியாகச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருப்பார். எது காணாமல் போனாலும் உடனே தெரியுமாம். குசினியில் உப்பு டப்பாவை நான் இடம் மாற்றினால் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போவார். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன் வேலை. அங்கே இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். இந்தக் குணத்தோடு இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை.

அவர் பெயர் பவுல். துறைமுக வேலை கிடைப்பதற்கு முன்னால் மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவர். கோயில் திருவிழா, கலியாணம், சாவு வீடு, எதுவானாலும் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் பவுல் மைக் செட்தான். அந்தக் காலத்தில் சேர்த்த கேசட்டுகள் எண்ணூறுக்குக் குறையாது. கடல் காற்றுக்கு நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, பூசணம் பிடிக்கிறது என்று கொரோனா சமயத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேசட்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தார். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். மனுஷர் சளைக்கவில்லை. கடைசியில் நாஸ் என்று ஒரு கருப்புப் பெட்டி வாங்கினார். இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். எண்ணூறு கேசட்டும் அதற்குள் போய்விட்டன. வீட்டு வைஃபையில் இருக்கும் டிவி, போன், எதிலிருந்து கேட்டாலும் பெட்டி பாட்டை எடுத்துக் கொடுக்கும். வீட்டு வாசலைத் தாண்டினால் கொடுக்காது. அப்படித்தான் அவர் அமைத்திருந்தார்.

ஏற்றினதோடு விட்டாரா என்றால் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடியது, எந்த வருஷம், எந்தக் கேசட், அதில் எந்தப் பக்கம், என்ன வகை என்று எழுதி வைத்தார். வகை என்றால் சினிமா, கலியாணம், திருவிழா, தபசு இப்படி. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாளை நாங்கள் தபசு என்போம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு மூச்சு விடாது. டிவியில் 'தபசு' என்பதை அழுத்தினால் அந்த வகைப் பாட்டு மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். மெஷின் சத்தத்துக்குத் துணையாக ஏதாவது பாடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அந்தப் பெட்டியை அவரைவிட அதிகம் பயன்படுத்துகிறவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு பாட்டு வந்தால் மட்டும் ரிமோட்டை எடுத்துத் தள்ளிவிடுவேன். அதைச் சொல்ல வேண்டும்.

1997-ல் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு கேசட் போட்டார்கள். தபசுகாலப் பாட்டுகள், மொத்தம் எட்டு. ஆறாவது பாட்டு மாதாவின் புலம்பல். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் வாங்கிக்கொண்டு தாய் அழுவது. கோயிலில் செபம் சொல்லிக் கொடுத்து ஆர்மோனியமும் வாசித்த உபதேசியார் எழுதி மெட்டுப் போட்டது. 'யார் கையில் கொடுத்தேன் உன்னை, யார் கையில் வாங்குகிறேன்' என்று ஒரு வரி. அந்த 'வாங்குகிறேன்'-இல் குரல் ஏறிக்கொண்டே போய், உச்சியில் நின்று, அங்கிருந்து சறுக்காமல் இறங்க வேண்டும். பாடகர் குழுவில் பதினாலு பெண்கள் இருந்தோம். அந்த உச்சிக்குப் போய்வரத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு. தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. வந்தாலும் இந்த விஷயத்தில் வேண்டாம்.

பங்குத்தந்தை எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசியிருந்தார். கேசட் வந்ததும் சென்னையில் இசை சொல்லிக்கொடுக்கும் ஒரு ஃபாதருக்கு அனுப்புவதாகவும், அமலோற்பவத்தின் குரலைக் கேட்டால் அவர் உடனே சேர்த்துக்கொள்வார் என்றும், கன்னியர் மடத்தில் தங்க இடம் வாங்கித் தருவதாகவும் சொன்னார். அம்மா சம்மதித்து, எனக்கு ஒரு புதுப் பெட்டியும் வாங்கிவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். மைக் செட் பவுலுக்கும் தெரியும்.

பதிவு பண்ணியது பவுல்தான். கோயிலில் ஃபேனை எல்லாம் நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, உள்ளே பாடுகிறவளையும் உபதேசியாரையும் தன்னையும் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். என் முறை வந்தபோது உள்ளே இருக்க வேண்டிய பங்குத்தந்தை, சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தை என்கிற கடைசி எண்ணெய் பூசப் போய்விட்டார். உபதேசியாருக்கு ஒரு காது கேட்காது, இன்னொன்று பாதி. ஹெட்போன் பவுல் காதில் இருந்தது. பாடி முடித்துவிட்டு, "அண்ணே, எப்படி வந்திருக்கு?" என்று கேட்டேன். குழுப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, "உச்சியில குரல் ஒடைஞ்சிட்டுளா" என்றார்.

உபதேசியார், "நல்லாத்தான இருந்திச்சி" என்றார். செவிட்டுக் கிழவர் பேச்சைக் கேட்பேனா, காதில் மெஷினை மாட்டியிருக்கிறவர் பேச்சைக் கேட்பேனா? மறுபடி பாடினேன். உடைந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஏறினேன், அந்தத் தடவை நிஜமாகவே உடைந்தது. மூன்றாவது தடவை உச்சிக்கே போக முடியவில்லை. பீடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். பவுல் அண்ணன் பக்கத்தில் வந்து தன் லேஞ்சியை நீட்டினார். கண்ணையும் மூக்கையும் அதில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் என் கூட்டாளி அற்புதமணி அந்தப் பாட்டைப் பாடிவிட்டாள். கேசட் வந்தது. இங்கிருந்து மணப்பாடு வரைக்கும் அற்புதமணி குரல் கேட்காத தபசு கிடையாது. சென்னைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் பாடுவதை விட்டேன். பூசையில்கூட வாயை மட்டும் அசைப்பேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நான் விழுந்த மறுநாளே என் இடத்தில் போய் நின்றாளே என்று அற்புதமணியோடும் பேச்சை விட்டேன். கோயில் வாசலில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவதோடு சரி. அவள் மகள் கலியாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

அடுத்த வருஷம் பவுல் பெண் கேட்டு வந்தார். என் அவமானத்தை முழுசாகக் காதில் கேட்ட ஒரே ஆள், அதற்குப் பிறகும் நீதான் வேண்டும் என்கிறாரே என்று மனசு உருகிப்போனது. சரி என்றேன்.

இந்த வருஷம் தபசின் இரண்டாம் வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. வந்ததும் டிவி, நீ யார், பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். கிரேன் மேல் ஏறிவிட்டால் போனை எடுக்க மாட்டார். கொச்சியில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெஸ்லினைக் கூப்பிட்டேன்.

"'வீடு'ன்னு ஒரு பேரு இருக்குல்லா, அதோட பாஸ்வேர்டு எனக்கு ஞாபகமில்லம்மா. அப்பா பேருலயும் ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுக்கு என் பொறந்த தேதிதான். அதையே போட்டுக்கோங்க" என்றாள்.

போட்டேன். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. 'தபசு' என்பதை அழுத்திவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடித்திருப்பேன். ஆர்மோனியம் கேட்டது. ஆறாவது பாட்டின் ஆரம்பம். ரிமோட்டைத் தேடினேன். துணிக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு தொடங்கிவிட்டது.

அற்புதமணி குரல் இல்லை. அவளுடையது கொஞ்சம் மூக்கில் வரும். இது தொண்டைக்கும் கீழிருந்து வந்தது. யார் இது, இவ்வளவு நன்றாகப் பாடுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த வரி வந்தது. குரல் ஏறியது. ஏறி, உச்சியில் நின்றது. நான் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். நின்ற குரல் ஒரு பிசிறு இல்லாமல் படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது.

பாட்டு முடிந்தது. "அண்ணே, எப்படி வந்திருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். பதில் இல்லை. எட்டு நொடி இருக்கும். பிறகு ஒரு ஆண் குரல், "உச்சியில குரல் ஒடைஞ்சிட்டுளா" என்றது. டக்கென்று நின்றுவிட்டது.

டிவியில் எழுத்து ஓடியது. பாட்டு ஆறு, முதல் டேக். பாடியவர் அமலோற்பவம். வருஷம் 1997. வகை தபசு. எவ்வளவு ஒழுங்கான மனுஷர் பாருங்கள். என் கண்ணில் படக்கூடாது என்று தன் பெயரில் உள்ள கணக்குக்குள் ஒளித்து வைத்தவருக்கு, அதற்கும் வகை எழுதாமல் விட மனசு வரவில்லை.

திரும்பத் திரும்ப நாலு தடவை போட்டேன். எங்காவது உடைகிறதா என்று தேடினேன். உடைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். உடையவில்லை.

எனக்கு முதலில் அற்புதமணி ஞாபகம்தான் வந்தது. அவளுக்காகத்தான் செய்திருக்கிறார், இரண்டு பேரும் சேர்ந்து கூட்டுக் களவாணித்தனம் பண்ணியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவள் நம்பர் என்னிடம் இல்லை. பக்கத்துத் தெருக் கோயில் குடும்பங்கள் சேர்ந்த அன்பிய வாட்ஸப் குழுவில் தேடி எடுத்து, "உடனே என் வீட்டுக்கு வா" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் மீன் கழுவின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஏளா அமலு, என்னளா ஆச்சு? பவுலுக்கு என்னமுமா?"

"பவுலுக்கு ஒண்ணுமில்ல. உக்காந்து இதக் கேளு" என்று போட்டேன்.

முழுசும் கேட்டாள். அந்த உச்சி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் பவுல் குரல் வந்ததும் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்கு இருந்த கோபத்தில் அவளைக் கொத்திக் குதறிவிடலாம் என்றுதான் நின்றேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

"அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாருளா" என்றாள். "அமலு இனிமே பாட மாட்டேன்னுட்டா, நீதான் பாடணும்னாரு. நான் அவள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேம்னு செருப்ப மாட்டிட்டேன். போகாத, யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியாமக் கெடக்கா, நீ போயிக் கேட்டா செத்துருவான்னு வழிய மறிச்சாரு. நானும் நம்பிட்டேன். அந்த உச்சி எனக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? பாதியில வெட்டிட்டுல்லா எறங்குனேன். அதுக்குப் பெறகு நீ என்ட்டப் பேசல. எனக்குக் கோவம். சரி போன்னு நானும் இருந்துட்டேன்."

இருபத்தெட்டு வருஷம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் புருஷன் விசைப்படகில் போய்த் திரும்பாமல் நாலு நாள் தேடினார்களே, அப்போதுகூட நான் போய் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. ஜெஸ்லின் பிறந்தபோது அவள் வரவில்லை. எல்லாம் அந்த எட்டு நொடியில் இருந்து வந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம், மீன் வாடையோடு.

அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தும்போது அவள் டிவியைக் காட்டினாள். "அது என்னளா, மூலையில இருநூத்தி மூணுன்னு போட்டிருக்கு?"

அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பெட்டி எண்ணி வைத்திருந்த கணக்கு. நான் இன்றைக்குப் போட்டதெல்லாம் ஐந்தாறு தடவை. அதற்குக் கீழே பழைய தேதிகளும் இருந்தன. போன ஞாயிறு காலை 5.50. அதற்கு முந்தின ஞாயிறு 5.48. அதற்கும் முந்தின ஞாயிறு 5.55. தள்ளிக்கொண்டே போனேன். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு.

நான் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணி முதல் பூசைக்குப் போகிறவள். அவர் ஏழு மணிப் பூசைக்குப் போவார். சேர்ந்து போகலாமே என்று வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். வீட்டைப் பூட்டிப் போட வேண்டாம், ஆள் இருக்கட்டும் என்பார். நான் கோயிலில் முட்டிபோட்டு, பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம், இவர் இங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அற்புதமணி போய்விட்டாள். அவர் வரும்போது தான் இருக்கக்கூடாது, இருந்தால் ஏதாவது பேசிவிடுவேன் என்றாள். நான் டிவியை அணைக்கவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சோறு ஆக்கவில்லை.

இரண்டரை மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றி, இரண்டு முனையும் ஒரே கோட்டில் நிற்கிற மாதிரி வைத்தார். நிமிர்ந்து டிவியைப் பார்த்தார்.

"ஜெஸ்லினா பாஸ்வேர்டு சொன்னா?" என்றார். அதுதான் முதல் கேள்வி.

"எதுக்கு இப்படிச் செஞ்சிய?"

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ மெட்ராசுக்குப் போயிருப்பளா. போனா திரும்பி வந்திருக்க மாட்ட."

"அத முடிவு பண்ண நீங்க யாரு?"

"நான் முடிவு பண்ணல அமலு. மாதா மேல சத்தியமா முன்கூட்டி ஒண்ணும் நெனைக்கல. நீ எப்படி வந்திருக்குன்னு கேட்ட. எனக்கு வாயில அதுதான் வந்துட்டு. மறுநாளு சொல்லிரணும்னு இருந்தேன். நீ அழுத. லேஞ்சியக் குடுத்தேன், வாங்கிக்கிட்ட. அதுக்குப் பெறகு எப்படிச் சொல்ல?"

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டின கதை. இருபத்தேழு வருஷமாக அந்தத் தொட்டிலில் நான் கிடந்திருக்கிறேன். இவ்வளவு நல்ல மனுஷர் எனக்குக் கிடைத்தாரே என்று மாதாவுக்கு மெழுகுதிரி வேறு ஏற்றியிருக்கிறேன்.

"அற்புதமணியையும் என்ட்ட வர விடாமப் பண்ணியிருக்கிய."

"அவ வந்திருந்தா நீ பாடிக் காட்டியிருப்ப. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்லா" என்றார். ஒரு வயர் எங்கே போகிறது என்று விளக்குகிற மாதிரி சொன்னார்.

"இவ்வளவு செஞ்ச ஆளு அந்தக் கேசட்ட மட்டும் ஏன் அழிக்காம வச்சிருக்கிய?"

நிஜமாகவே திடுக்கிட்டுப் போனார். "மாதா பாட்டுல்லா! அது மேல வேற என்னத்தையும் ஏத்துனா பாவம்லா" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. மாதா பாட்டை அழித்தால் பாவம். மாதா பாட்டைப் பாடினவளை அழித்தால் பாவமில்லை. கடற்கரையில் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், கோயிலில் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை காய்ந்தால்கூடக் குப்பையில் போட மாட்டோம். அந்தப் பயத்தில்தான் என் குரல் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

"பாவத்துக்கு இவ்வளவு பயப்படுத ஆளு, இத பாவசங்கீர்த்தனத்துல சொன்னியளா?"

"சொல்லிட்டேன்" என்றார் உடனே. "ரெண்டாயிரத்துலயே. ஜூபிலி வருஷம்."

"ஃபாதர் என்ன சொன்னாரு?"

"ஒரு அம்பத்து மூணு மணிச் செபமாலை சொல்லச் சொன்னாரு."

"சொன்னியளா?"

"அன்னைக்கே சொல்லி முடிச்சிட்டேன்."

முடித்திருப்பார். எந்த வேலையையும் மிச்சம் வைக்கிற ஆள் இல்லை. இந்தக் கணக்கைத் தீர்த்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. எனக்குச் செய்ததற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆண்டவரும் கொடுத்து, செபமாலையும் சொல்லியாகிவிட்டது. இதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

"என்ட்ட சொல்லச் சொல்லலியா ஃபாதரு?"

தரையைப் பார்த்தார். "முடிஞ்சா சொல்லுன்னாரு."

"முடியல."

"எப்படிளா முடியும்? நீ என்ன நல்லவன்னு நம்பிட்டிருந்த."

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தையல் மெஷின் மேல் இருந்த துணியை எல்லாம் அள்ளி அவர் மேல் எறிந்தேன். "இருநூத்தி மூணு தடவ!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது. "ஞாயித்துக்கிழம தவறாம, நான் வாசலத் தாண்டுனதும் உக்காந்து கேட்டிருக்கிய. இந்த இருபத்தேழு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஏளா அமலு, ஒரு பாட்டுப் பாடுன்னு என்ட்ட கேட்டியளா? குசினியில நின்னு கொழம்பு கொதிக்கயில பாடியிருக்க மாட்டனா? பிள்ளையத் தூங்க வைக்கயில கதை சொல்லித்தான தூங்க வச்சேன், அதையும் பாத்துட்டுதான இருந்திய?"

அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. நான் அதைத் துடைக்கவில்லை. என்னிடம் லேஞ்சியும் இல்லை.

"எனக்கு அந்தக் கொரலு வேணும்ளா" என்றார். "அந்தக் கொரல யாருக்கும் குடுக்க மனசில்ல."

"எனக்குக் குடுக்கவும் மனசில்ல, அப்படித்தான?"

எழுந்தார். ஜாக்கெட் துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நிறம் வாரியாக மடித்து மெஷின் மேல் வைத்தார். அவரால் அப்படிச் செய்யாமல் இருக்க முடியாது. பிறகு என் எதிரில் வந்து நின்று, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, "இப்பம் பாடுளா. நான் கேக்கேன்" என்றார்.

பாட வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இல்லை. கோபம்தான். எதை எடுத்துக்கொண்டோம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நின்றவாக்கில் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரி ஒருவழியாக வந்தது. என் வீட்டுக்குள் என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது. அந்த வரி வந்தது. 'யார் கையில் கொடுத்தேன் உன்னை.' மூச்சை இழுத்துக்கொண்டு ஏறினேன். பாதிக்குப் போவதற்குள் தொண்டை கரகரத்து, குரல் இரண்டாகப் பிளந்து, வெறும் காற்றாகப் போய் நின்றது. மறுபடி முயன்றேன். காற்றுதான் வந்தது.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு நொடி இருக்கும். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"நல்லாத்தாம்ளா இருக்கு" என்றார்.

அன்றைக்குக் கோயிலிலும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது. அன்றும் என் குரலைப் பற்றி என்னிடம் பொய்தான் சொன்னார். அன்று நம்பினேன்.